நோயுற்ற மருத்துவரும் சமண அறமும்

(ஊத்துக்கோட்டையில் மகாவீரர் ஜெயந்தி விழாவில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

அருகன் அறம் வாழ்க!



சமண அறம் இல்லறத்தாருக்கு வகுத்த தானங்கள் நான்கு: உணவு, மருந்து, கல்வி, அடைக்கலம். சமணச் சான்றோர் தமிழில் இயற்றிய அறநூல்களுள் இரண்டு மருந்தின் பெயரையே தாங்கி நிற்கின்றன. காரியாசான் தம் நூலுக்குச் சிறுபஞ்சமூலம் என்று பெயரிட்டார். கணிமேதாவியார் தம் நூலுக்கு ஏலாதி என்று பெயரிட்டார். உடல் நோய்க்கு மருந்து போல உயிர் நோய்க்கு அறம் என்பது அவர்கள் கண்ட உவமை. அந்த மரபின் தொடர்ச்சியாகவே இன்றும் சமணக் குடும்பங்களில் மருத்துவம் பயிலும் பிள்ளைகள் பெருகி வருகிறார்கள். அறக்கட்டளைகள் மருத்துவ முகாம்கள் நடத்துகின்றன. ஆயினும் மருந்து தருவோரைப் பற்றிய ஒரு கேள்வி பெரும்பாலும் கேட்கப்படாமலே இருக்கிறது. மருத்துவரே நோயுற்றால் என்ன செய்வது? அந்நோய் அவர் கையையோ கண்ணையோ அறிவையோ தொட்டு, நோயாளியின் உயிருக்கு ஊறு செய்யும் நிலை வந்தால், அதை யார், யாரிடம், எவ்வாறு சொல்வது? இவ்வுரையின் பொருள் அதுவே.

திருக்குறளின் மருந்து அதிகாரம், நோயுற்றவர், நோய் தீர்ப்பவர், மருந்து, அருகிருந்து துணைசெய்பவர் என மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்து முடிகிறது. இந்நான்கில் நோய் தீர்ப்பவரும் உடல் எடுத்த மனிதரே. வினைப்பயன் அவரை விட்டுவைப்பதில்லை. வெள்ளை மேலங்கி அணிந்ததனால் நீரிழிவு வராமலிருப்பதில்லை. கழுத்தில் தொங்கும் குழாய் மனச்சோர்வைத் தடுப்பதில்லை. தீர்ப்பவர் ஒரு நாள் உற்றவராகக் கூடும் என்பதை மருத்துவரும் மறந்துவிடுகிறார், மக்களும் மறந்துவிடுகிறார்கள்.

ஊத்துக்கோட்டை போன்ற ஊரில் இக்கேள்வியின் கனம் கூடுகிறது. ஆரணியாற்றங்கரையில், ஆந்திர எல்லையை ஒட்டி அமைந்த ஊர் இது. கண்டலேறு பூண்டிக் கால்வாய் வழியாகக் கிருஷ்ணை நீர் தமிழகத்துள் நுழையும் வட்டாரம். நெல் வயலில் பாம்பு தீண்டியவரும், நெடுஞ்சாலையில் அடிபட்டவரும், கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் இயந்திரத்தில் கை சிக்கியவரும் முதலில் நாடுவது அண்மையிலுள்ள மருத்துவரைத்தான். பெருநகரில் ஒரு மருத்துவர் விடுப்பெடுத்தால் அடுத்த தெருவில் இன்னொருவர் இருப்பார். சிற்றூரில் நாற்பது ஆண்டுகளாக மூன்று தலைமுறைக்கு மருந்து கொடுத்த ஒரே முதியவர் இருப்பார். அவரை நம்பி ஊர் வாழ்கிறது. அதனாலேயே அவர் ஓய்வெடுக்க இயலுவதில்லை. அவர் கை நடுங்குவதைக் கண்டவரும் வாய் திறப்பதில்லை.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். நோய் வேறு, நோயினால் தொழில் செய்யும் திறன் குறைவது வேறு. நீரிழிவை ஒழுங்காகக் கட்டுப்படுத்தும் மருத்துவர், மாத்திரை உண்டு மனச்சோர்விலிருந்து மீண்டவர், ஒரு கால் ஊனமுற்றவர் ஆகியோர் எவ்விதக் குறையுமின்றிப் பணி செய்யலாம். அவர்களுடைய நோய் அவர்களுக்கும் அவர்தம் மருத்துவருக்கும் மட்டுமே உரிய செய்தி. ஆனால் இரத்தத்தில் சர்க்கரை திடீரெனத் தாழ்ந்து மயங்குபவர் அறுவை அரங்கில் தனியே நிற்பது, இருமலுடன் கூடிய காசநோயைச் சோதிக்காமல் ஒருவர் குழந்தைகள் பிரிவில் பணியாற்றுவது, மருந்தின் அளவை மறந்து மறந்து எழுதுவது, மதுவருந்திய நிலையில் இரவுப் பணிக்கு வருவது, இவை பிறர் உயிரைத் தொடும் செய்திகள். முதல் வகையை மறைத்துக் காப்பது அறம். இரண்டாம் வகையை மறைப்பது இம்சைக்குத் துணைபோவது.

வெளிப்படையான கொடுமையை மட்டும் சமணம் இம்சை என்று சொல்லவில்லை. கவனமின்மையால் உயிருக்கு நேரும் ஊறும் இம்சையே என்பது ஆசாரியர்களின் துணிபு. நடக்கும்போது நிலம் பார்த்து நடக்கவும், இருட்டிய பின் உண்ணாதிருக்கவும் கற்பித்த அறம், கண்புரை மறைத்த கண்ணோடு ஊசி பிடிப்பதை ஏற்குமா?

அவ்வாறாயின் மருத்துவர்கள் ஏன் மறைக்கிறார்கள்? வருவாய் போய்விடும், பெயர் கெட்டுவிடும், மகளுக்கு வரன் அமையாது என்னும் அச்சங்கள் ஒரு புறம். தமக்குத் தாமே மருந்தெழுதிக்கொள்ளும் வழக்கம் மற்றொரு புறம். தம் நோயைத் தாமே எடைபோடும் மருத்துவர் பெரும்பாலும் குறைத்தே எடைபோடுகிறார். இன்னொரு காரணம் சமூகத்தின் அருவருப்பு. 2020 ஏப்ரலில் சென்னையில் நடந்ததைத் தமிழகம் மறந்திருக்க முடியாது. கொரோனாத் தொற்றுக்கு ஆளாகி மறைந்த நரம்பியல் அறுவை மருத்துவர் சைமன் ஹெர்குலிஸ் அவர்களின் உடலை அடக்கம் செய்ய விடாமல் ஒரு கூட்டம் தடுத்தது. ஊர்தியின் மீது கல்லெறிந்தது. உடன் வந்த மருத்துவ நண்பர் நள்ளிரவில் தம் கையாலேயே மண்ணள்ளி மூடினார். அதே மாதத்தில், தொற்றால் இறந்தோரின் உடல் அடக்கத்தைத் தடுப்பது குற்றம் எனத் தமிழக அரசு அவசரச் சட்டம் பிறப்பித்தது. நோயுற்ற மருத்துவரை ஊர் எப்படி நடத்தும் என்பதைக் கண்ணாரக் கண்ட பிற மருத்துவர்கள், தமக்கு நோய் வந்தால் வாய் திறப்பார்களா?

இவ்விடத்தில் சமண மரபு போற்றும் ஒரு வரலாற்றை எண்ணிப் பார்ப்பது தகும். காஞ்சியோடு மரபு இணைத்துப் பேசும் ஆசாரிய சமந்தபத்திரர், இரத்தினக் கரண்டக சிராவகாசாரம் இயற்றிய பேரறிஞர். அந்நூலின் வழியில் எழுந்ததே தமிழில் உள்ள அருங்கலச்செப்பு. துறவு பூண்டிருந்த காலத்தில் அவரைப் பஸ்மகம் என்னும் நோய் பற்றியதாக மரபுக் கதை கூறும். எவ்வளவு உண்டாலும் எரிந்துபோகும் தீராப் பசிநோய் அது. ஒரு வேளை, அதுவும் கிடைத்தால் மட்டும், கையேந்தி உண்ணும் முனிவருக்கு அந்நோய் வந்தால் விரதம் நிலைபெற இயலாது. கதை இடத்துக்கு இடம் சிறிது மாறுபடினும், ஒரு மரபு கூறுவது இது: அவர் நோயை மறைத்துக்கொண்டு முனிவராகவே தொடரவில்லை, மறைவில் உண்டு விரதத்தைப் பொய்யாக்கவுமில்லை. தம் குருவிடம் சென்று உண்மையைச் சொல்லி, சல்லேகனை நோற்று உயிர் நீக்க விடை கேட்டார். குரு விடை தரவில்லை. அவரால் அறத்துக்கு ஆக வேண்டிய பணி மிக உண்டு. ஆதலால் துறவுக் கோலத்தை இப்போது நீக்கி, நோயைத் தீர்த்துக்கொண்டு, மீண்டும் தீட்சை பெறுக என்று பணித்தார். சமந்தபத்திரர் அவ்வாறே கோலம் நீக்கினார். காஞ்சியில் சிவகோடி மன்னனின் கோயிலில் படைக்கப்பட்ட உணவை உண்டு நோய் தணிந்தார். அங்கே அவர் இருபத்து நான்கு தீர்த்தங்கரர் மீதும் துதி பாட, சந்திரப்பிரபரைப் பாடும்போது அப்பெருமானின் திருவுருவம் தோன்றியதென்று கதை முடியும். பின்னர் அவர் மீண்டும் தீட்சை பெற்றார்.

இக்கதையில் நோயுற்ற மருத்துவருக்கு வேண்டிய நெறி முழுவதும் அடங்கியிருக்கிறது. நோயை உரியவரிடம் சொன்னார். என்ன செய்வது என்பதைத் தாமே முடிவு செய்யாமல் தம்மினும் தெளிந்தவரிடம் விட்டார். குரு அவரை இழித்துத் துரத்தவில்லை. கண்டும் காணாதவராய்த் தொடரவும் விடவில்லை. தீரக்கூடிய நோய்க்காக உயிரை விடும் எண்ணத்துக்கு அவர் இடம் கொடுக்கவுமில்லை. பணியிலிருந்து விலக்கியது நோய் தீரும் வரைக்கே. திரும்பி வந்தபோதும் ஓசையின்றிப் பழைய இடத்தில் அமராமல், முறைப்படி மீண்டும் தீட்சை பெற்றே பணி ஏற்றார். சொல்லுதல், விலகுதல், தீர்தல், சோதனைக்குப் பின் திரும்புதல் என்னும் இந்நான்கு படிகளையே இன்று உலகின் மருத்துவ மன்றங்கள் பல வேறு சொற்களில் வகுத்திருக்கின்றன.

ஐயம் ஒன்று இங்கு எழக்கூடும். நற்காட்சியின் எட்டு உறுப்புகளுள் உபகூஹனம், அதாவது அறப்பழி நீக்கல், ஒன்றல்லவா? பிறர் குறையை மூடுவது அறமென்றால், மருத்துவரின் குறையை வெளியிடுவது எவ்வாறு அறமாகும்? இவ்வுறுப்புக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுபவர் ஜினேந்திரபக்தர் என்னும் வணிகர். நோன்பியின் வேடத்தில் வந்த கள்வன் ஒருவன் அவர் இல்லத்துச் சினாலயத்தின் மணியைத் திருடிக்கொண்டு ஓட, காவலர் அவனைத் துரத்திப் பிடித்தனர். அறவேடத்துக்குப் பழி வரலாகாது என்று, தாம் சொன்னதனாலேயே அவன் மணியைக் கொண்டுவந்தான் என்று கூறி அவனைக் காத்தார் வணிகர். அத்துடன் கதை முடியவில்லை. மணியைத் திரும்பப் பெற்று, அவனை அவ்விடத்தினின்றும் அனுப்பிவிட்டார். ஊரறியப் பழி தூற்றவில்லை என்பது உண்மை. கருவறைச் சாவியை அவன் கையிலேயே விட்டுவைக்கவில்லை என்பதும் அதேயளவு உண்மை. மருத்துவரின் நோயைத் தேநீர்க் கடையிலும் கைப்பேசிக் குழுவிலும் பரப்புவது அறப்பழி நீக்கலுக்கு மாறு. அறுவைக் கத்தியை அவர் நடுங்கும் கையிலேயே விட்டுவிட்டு வாய்மூடி இருப்பது அறப்பழி நீக்கல் ஆகாது.

அதனை அடுத்து நிற்கும் உறுப்பு ஸ்திதிகரணம். தமிழில் அழிந்தாரை நிறுத்தல். வழுவியவரைக் கைவிடாமல் மீண்டும் நிலைநிறுத்துவது அது. மகத மன்னன் சிரேணிகனின் மகனான வாரிசேணர், துறவில் மனம் தளர்ந்த நண்பர் புட்பதாலரைப் பல்லாண்டுகள் உடனிருந்து நிலைநிறுத்தியதைக் கதை கூறும். உவர்ப்பின்மை என்னும் உறுப்புக்கு எடுத்துக்காட்டான உத்தாயன மன்னன், நோயுற்று வாந்தியெடுத்த முனிவரை அருவருக்காமல் தன் கையாலேயே துடைத்துப் பேணினான். அருவருக்காமை, பழி பரப்பாமை, நிலைநிறுத்துதல் ஆகிய மூன்றும் ஒருங்கே நிற்கும்போதுதான் நோயுற்றவர் அஞ்சாமல் வாய் திறப்பார். ஒன்று குறைந்தாலும் மற்றவை பயன்படா.

மறைத்ததன் விளைவுகளை வெளிநாட்டு வரலாறும் காட்டுகிறது. நெஞ்சறை அறுவை மருத்துவத்தின் முன்னோடிகளுள் ஒருவரான ஜெர்மானியர் ஃபெர்டினாண்ட் சாவர்புருக், முதுமையில் மறதிநோயால் அறிவு தளர்ந்த பின்னும் அறுவை செய்துவந்தார். அவர் புகழுக்கு அஞ்சிச் சுற்றியிருந்தோர் நெடுநாள் வாய் திறக்கவில்லை. 1949இல் பெர்லின் சாரிட்டே மருத்துவமனைப் பதவியை விட்டு விலகச் செய்த பிறகும் அவர் அறுவை செய்வதை நிறுத்தவில்லை. 1951இல் மறைந்தார். அப்பெருமகனின் இறுதி ஆண்டுகளை நாணத்துக்குரியவை ஆக்கியது நோய் மட்டுமன்று. சுற்றியிருந்தோரின் மௌனமும் ஆகும்.

இன்னொரு நிகழ்ச்சி இந்திய வழிவந்த ஒரு பெண்மணியைப் பற்றியது. இலண்டனில் மனநல மருத்துவராகப் பணியாற்றிய தக்ஷா எம்சன், இருமுனை மனநோயுடன் பல்லாண்டு போராடியபடியே சிறப்பாகப் படித்து உயர்ந்தவர். உடன் பணிபுரிவோர் அறிந்தால் இழிவாகக் கருதுவர் என்னும் அச்சத்தால் தம் நோயை அவர் பெரிதும் மறைத்தே வைத்திருந்தார். குழந்தை பிறந்த மூன்றாம் மாதத்தில், 2000 அக்டோபரில், நோயின் கடுமையில் அவரும் பச்சிளங் குழந்தையும் உயிரிழந்தனர். 2003இல் வெளிவந்த விசாரணை அறிக்கை, மருத்துவத் துறையிலேயே மனநோய் குறித்து நிலவும் இழிவுணர்வையும், மருத்துவராக இருந்ததனாலேயே அவருக்குக் குறைவான கவனிப்புக் கிடைத்ததையும் சுட்டியது. நோயுற்ற மருத்துவர்கள் மறைவடக்கமாகச் சிகிச்சை பெறும் தனி அமைப்பு இலண்டனில் 2008இல் தொடங்கப்பட்டதற்கு அத்துயரமும் ஒரு தூண்டுதல். நோயாளிகளுக்கு ஊறு வராமல் தடுப்பது மட்டுமே இப்பொருளின் நோக்கம் என்று எண்ணிவிடக் கூடாது. மருத்துவரின் உயிரும் உயிரே.

பிரிட்டன் 1978ஆம் ஆண்டு மருத்துவச் சட்டத்திலேயே, நோயால் திறன் குன்றிய மருத்துவரின் நிலையை ஒழுக்கக்கேட்டு விசாரணையிலிருந்து பிரித்து, உடல்நலக் குழு ஒன்றை அமைத்தது. குற்றவாளிக்குத் தண்டனை, நோயாளிக்குச் சிகிச்சையும் கண்காணிப்பும். அந்நாட்டு மருத்துவ மன்றத்தின் நெறிமுறை, தமக்குப் பிறரைத் தொற்றும் நோயோ அறிவைப் பாதிக்கும் நோயோ இருப்பதாக ஐயுறும் மருத்துவர் தம் சொந்தக் கணிப்பை நம்பாமல், தகுதியுள்ள மற்றொரு மருத்துவரிடம் காட்டி அவர் சொற்படி நடக்க வேண்டுமென்று பணிக்கிறது. அமெரிக்காவில் மதுவுக்கும் போதைக்கும் அடிமையான மருத்துவர்களுக்கெனப் பல மாநிலங்களில் திட்டங்கள் உள்ளன. அத்தகைய 16 திட்டங்களில் சேர்ந்த 904 மருத்துவர்களை ஆராய்ந்து 2008இல் வெளியான ஆய்வு, நிலை தெரியவந்தவர்களுள் நான்கில் மூவருக்கு மேற்பட்டோர் ஐந்தாண்டுகள் கழித்தும் உரிமத்துடன் பணியாற்றிக்கொண்டிருந்தனர் என்று கண்டது. கண்டிப்பான சோதனையும் நீண்ட துணையும் சேர்ந்தால் அழிந்தாரை நிறுத்த முடியும் என்பதற்கு இது சான்று.

இந்தியாவின் நிலை என்ன? 2002ஆம் ஆண்டின் மருத்துவ ஒழுக்க விதிகள், சக மருத்துவரின் திறமையின்மையையும் நேர்மையின்மையையும் அச்சமோ சார்போ இன்றி வெளிப்படுத்த வேண்டுமென்று மருத்துவரைப் பணிக்கின்றன. தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்டு 2 அன்று புதிய விதிகளை வெளியிட்டு, அதே மாதம் 23ஆம் நாள் அவற்றை நிறுத்திவைத்தது. பழைய விதிகள் குற்றம் செய்த மருத்துவரைப் பற்றி விரிவாகப் பேசுகின்றன. நோயுற்ற மருத்துவரைச் சிகிச்சைக்கு அனுப்பி, மீட்டுப் பணிக்குக் கொணரும் தனி வழியை அவை வகுக்கவில்லை. ஆகவே இங்கு ஒருவர் உண்மை சொன்னால் குற்றவாளியாகிவிடுவோமோ என்று அஞ்சுவது இயல்பே. எனினும் வேறு சில அடித்தளங்கள் உள்ளன. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியின் மறைவடக்கத்தைக் காக்கிறது. அதே ஆண்டின் எச்.ஐ.வி. தடுப்புச் சட்டம், தொற்றுடையோரைப் பணியில் வேறுபடுத்துவதைத் தடுக்கிறது. மருத்துவ மாணவர் மனநலம் குறித்துத் தேசிய ஆணையம் அமைத்த குழு 2024இல் அளித்த அறிக்கை, பயிற்சி மருத்துவர்களின் பணிநேரம் வாரத்துக்கு 74 மணியைத் தாண்டலாகாது என்றும் வார ஓய்வு வேண்டுமென்றும் பரிந்துரைத்தது. முப்பது மணி நேரம் உறங்காதவரின் அறிவும் நோயுற்ற அறிவே என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

இனிச் செய்யத்தக்கவை. மருத்துவப் பணியில் இருக்கும் சமணர் ஒவ்வொருவரும், தம் குடும்பத்தைச் சாராத ஒருவரைத் தமக்கு மருத்துவராகக் கொள்ள வேண்டும். தமக்கும் மனைவி மக்களுக்கும் தாமே மருந்தெழுதும் வழக்கத்தை விட வேண்டும். கல்லீரல் அழற்சி பி தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் சளியைச் சோதித்துக்கொள்ள வேண்டும். முதுமையில் கண், காது, நினைவு ஆகியவற்றை ஆண்டுதோறும் சோதித்துக்கொண்டு, அறுவையை விட்டு ஆலோசனை கூறும் பணிக்கு மாறுவதில் இழிவு ஒன்றுமில்லை. பற்றைப் படிப்படியாகக் குறைக்கும் பயிற்சியே இல்லறத்தாரின் விரதங்கள் அனைத்தும்.

மாற்றத்தை முதலில் காண்பவர் பெரும்பாலும் மனைவி, கணவர், செவிலியர், கம்பவுண்டர் ஆகியோரே. அவர்கள் கண்டதைத் தனிமையில், அன்போடு, நாளும் நிகழ்ச்சியும் குறிப்பிட்டு அவரிடமே முதலில் சொல்லலாம். "ஐயா, நேற்று அந்தக் குழந்தைக்கு இரண்டு முறை அதே மருந்தை எழுதியிருந்தீர்கள், மாதத்தில் இது மூன்றாவது முறை" என்று கூறுவது புறங்கூறல் ஆகாது. அவர் கேளாராயின் அவர் மதிக்கும் மூத்த மருத்துவரிடம் சொல்லலாம். அரசு மருத்துவமனையாயின் தலைமை மருத்துவ அலுவலரிடமும், தனியார் மருத்துவமனையாயின் அதன் பொறுப்பாளரிடமும் எழுத்தில் தெரிவிக்கலாம். இவ்வழிகள் யாவும் அடைபட்டு நோயாளிகளுக்கு ஆபத்துத் தொடருமாயின், தமிழ்நாடு மருத்துவ மன்றத்திடம் முறையிடுவதே கடமை. ஆனால் உடனடி ஆபத்து கண்முன் நின்றால் படிகளை எண்ணிக்கொண்டிருத்தல் கூடாது. அந்த அறுவையை அந்த நேரத்திலேயே நிறுத்தச் சொல்ல வேண்டும். மனம் உடைந்த நிலையில் உள்ள மருத்துவரைத் தனியே விடலாகாது. 14416 என்னும் டெலி மானஸ் இலவச எண்ணில் எந்நேரமும் உதவி கிடைக்கும். அது மருத்துவருக்கும் உரிய எண்ணே.

அறக்கட்டளைகளுக்கும் பங்குண்டு. மருத்துவ முகாமுக்கு வரும் மருத்துவர் ஓய்வின்றி நூறு பேரைப் பார்க்கும்படி அட்டவணை இடுவதைத் தவிர்க்கலாம். சிற்றூரில் தனித்துப் பணியாற்றும் மருத்துவர் நோயுற்றால், அவர் குணமாகும் வரை பக்கத்து ஊர்களிலுள்ள சமூக மருத்துவர்கள் முறைவைத்து அவர் மருந்தகத்தைக் கவனித்துக்கொள்ள ஏற்பாடு செய்யலாம். திருவள்ளூரில் 2022இல் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்ட பின், இவ்வட்டாரத்தில் இளம் மருத்துவர்கள் பெருகும் வாய்ப்பும் கூடியிருக்கிறது. சிகிச்சைக் காலத்தில் அவர் வீட்டு வாடகைக்கும் பிள்ளைகளின் கல்விக் கட்டணத்துக்கும் ஒரு சிறு நிதி ஒதுக்கப்பட்டால், வருவாய் இழப்புக்கு அஞ்சி நோயை மறைக்கும் தேவை பெருமளவு நீங்கும். மருந்து தானம் நோயாளிக்கு மட்டுமன்று, மருத்துவருக்கும் உரியது. அடைக்கலம் தருவதும் அவ்வாறே.

நோயாளிகளாக மருத்துவரை நாடும் மக்களுக்கும் ஒரு சொல். பல்லாண்டு உழைத்த மருத்துவர் ஒரு நாள், "எனக்கு உடல்நலம் இல்லை, இனி மூன்று மாதம் மருந்தகம் திறக்காது" என்று பலகை வைத்தால், அவரைப் பற்றி வதந்தி பேசாதீர்கள். அவர் செய்தது அகிம்சை விரதத்தின் உயர்ந்த செயல்களுள் ஒன்று. அவர் நலம்பெற்றுத் திரும்பும் நாளில் பழைய அன்போடு அவரிடம் செல்லுங்கள்.

எல்லா உயிரும் நலமுறுக! அருகன் அறம் வெல்க!